என் உயிருக்கு ஆபத்தானவர்

என் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்றைக்கு, தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே வந்தேன். பைக்குள் இருந்தது கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். உயிர்ப்பயம் உள்ள எவனும் அப்படிச் சிரித்திருக்க மாட்டான். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். இந்த விஷயத்தில் நான் வெட்கப்படாமல் இருந்த கடைசி நாள் அதுதான்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. இருபத்திரண்டு அறை. சாரல் விழுகிற மூன்று மாதமும் மூச்சுவிட நேரம் இருக்காது. மீதி ஒன்பது மாதம் குரங்குகளோடு மல்லுக்கட்டு. என்னைக் கொல்ல யாருக்கும் ஒரு காரணமும் கிடையாது. என்மேல் எரிச்சல் உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு, என் வாய் அப்படி. எரிச்சல்பட்டவர்கள் எல்லாம் அரிவாளைத் தூக்குவதாக இருந்தால் முதலில் தூக்கியிருக்கவேண்டியது என் மனைவி.

பிறகு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டால், கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்தைத்தான் சொல்லவேண்டும்.

மகளைக் கொடுத்தது ஆலங்குளத்தில். சம்பந்திக்கு அங்கே அரிசி ஆலை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் நானும் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனால் குழாயடியில் ஏழெட்டுப் பேர். நான் முண்டியடித்துப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்த சம்பந்தி சட்டை நனையாமல் இருக்க ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். இடுப்பில் காப்பிநிறத் தோல் உறை. அதற்குள் ஒரு கைப்பிடி. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “வாங்க அண்ணாச்சி, நீங்க மொதல்ல கழுவுங்க” என்றார். எச்சில் கையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

விசாரித்ததில் லைசென்ஸ் கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றார்கள். காட்டுப் பன்றிக்கு என்று கேட்டால் வயல் வேண்டும், தோப்பு வேண்டும், கிடைப்பதும் நீளத் துப்பாக்கிதான். இடுப்பில் வைத்துக்கொள்கிற சின்னதைக் கேட்டால் உயிருக்கு ஆபத்து இருக்கவேண்டும். மாவட்டம் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் தென்காசிக்கே வந்துவிட்டதால் திருநெல்வேலிக்கு அலைகிற வேலை இல்லை. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்தேன். அவர் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

“ஆபத்துன்னா யாரால ஆபத்து அண்ணாச்சி? அது இல்லாம நிக்காதுல்லா.”

ஸ்டேஷனில் ஒரு புகார், ஒரு வழக்கு என்று ஏதாவது இருந்தால்தான் விசாரணைக்கு வருகிற போலீஸ்காரர் ஆபத்து உண்டு என்று எழுத முடியும் என்பதையும் விளக்கினார். உங்களுக்கு ஆகாதவர் யார் என்று கேட்டார். அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். பக்கத்து லாட்ஜ்காரருக்கும் எனக்கும் செப்டிக் டேங்க் தகராறு உண்டு. ஆனால் அவர் மகன் வக்கீல். தண்ணீர் லாரிக்காரனுக்கும் எனக்கும் கைகலப்பே நடந்திருக்கிறது. அவனுக்கு நான்கு அண்ணன் தம்பிகள். இப்படி ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்போது எனக்கு அது புரியவில்லை, இப்போது நன்றாகப் புரிகிறது. நான் ஆகாதவனைத் தேடவில்லை. திருப்பிக் கேட்க நாதியில்லாதவனைத் தேடினேன்.

அப்படிக் கிடைத்தவர்தான் எண்ணெய்க்காரர்.

குற்றாலத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களைத் தெரியும். அருவிக்குப் போகிற வழியெல்லாம் ஒரு பலகையும் எண்ணெய் போத்தலுமாக உட்கார்ந்திருப்பார்கள். குளிக்கப் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் தேய்த்து, தட்டி, சொடக்கு எடுத்து அனுப்புவார்கள். எங்கள் லாட்ஜ் மதிலோரம் உட்காருகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், ஆனால் விரல்கள் மட்டும் இரும்பு. என் முதுகையே பலமுறை பிடித்துவிட்டிருக்கிறார். வீடு மேலகரம் பக்கம். மனைவி பீடி சுற்றுகிறாள், இரண்டு பெண்பிள்ளைகள். அவர் எங்கள் கேட் முன்னால் இருந்த சிமெண்டுத் தரையில் பலகையைப் போட்டுக்கொள்வார். மழைக்கு ஒதுங்க எங்கள் போர்டு நிழல் வசதி. தரையெல்லாம் எண்ணெய்க்கறை. நான் தினமும் கத்துவேன், அவர் தினமும் பழந்துணியால் துடைப்பார். அப்படியே பல வருடம் ஓடியது.

மனு எழுதப் போனதற்கு நான்கு நாள் முன்னால், லாட்ஜில் தங்கியிருந்த ஒருத்தர் அந்தத் தரையில் வழுக்கி விழுந்தார். அடி ஒன்றும் பெரிதில்லை. எனக்குத்தான் தலைக்கு ஏறிவிட்டது. நேரே போய் எண்ணெய்க் கேனைக் காலால் உதைத்தேன். அப்போதுதான் வாங்கி வந்த நல்லெண்ணெய், முழுக் கேனும் சாக்கடைக்கு ஓடியது. அவர் குனிந்து கேனை நிமிர்த்தினார். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இது நல்லா இருக்கா அண்ணாச்சி?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். வேறு ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மனு எழுதுகிறவரிடம் நான் இதைச் சொன்னபோது எண்ணெயைக் கொட்டியதைச் சொல்லவில்லை. தகராறு நடந்தது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவரிடம் அந்த வாசகங்கள் எல்லாம் தயாராக இருந்தன. அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையில் கம்பை எடுத்துக்கொண்டு, உன்னைத் தீர்த்துக் கட்டாமல் விடமாட்டேன் என்று கொலை மிரட்டல் விடுத்தார். படித்துக் காட்டிவிட்டு, இப்படித்தானே நடந்தது என்று என்னைக் கேட்டார். அவர்மேல் குற்றம் இல்லை, அவர் கேட்டார். இப்படித்தான் என்று சொன்னது நான்.

வழக்குப் பதிவானது. எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்காரவைத்து விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஜாமீனுக்கு இரண்டு பேரைப் பிடிக்க மறுநாளும் அலைந்தாராம். நல்ல சாரல், ஞாயிற்றுக்கிழமை வேறு, அருவியில் கூட்டம் தாங்கவில்லை. அவருடைய பலகை மட்டும் எங்கள் மதிலில் சாய்ந்து நனைந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். மூன்றாம் நாள் வந்து பலகையை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் உட்கார ஆரம்பித்தார். நான் ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எழுந்து நிற்பார். யாருக்காவது எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாலும் கையை எடுத்துவிட்டு எழுந்து நிற்பார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு தை மாதத்தில் லைசென்ஸ் வந்தது. வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தது அப்போதுதான். என் மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டி, முழுவதும் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று முப்பது வருடக் குடித்தனத்தில் நான் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

மாசி பிறந்ததும் மதுரைக்குப் போனேன். துப்பாக்கிக் கடை என்றால் வாசலில் மீசைக்காரர் ஒருவர் நிற்பார் என்று எண்ணியிருந்தேன். உள்ளே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், கதர்ச் சுடிதார், மேசையில் மல்லிகைப்பூப் பொட்டலம். அப்பா காலத்துக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாளாம். லைசென்ஸை வாங்கி நம்பர், தேதியெல்லாம் குறித்துக்கொண்டு, முதல் தடவையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் என்ன நினைத்துப் போனேன் என்றால், நான்கைந்தை எடுத்துப் போடுவார்கள், இடுப்புக்கு எது எடுப்பாக இருக்கிறதோ அதைச் சொல்லலாம் என்று. சம்பந்தி வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. அவள் எதையும் எடுக்கவில்லை. ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எங்கே வைத்துக்கொள்வீர்கள், வீட்டிலா, தொழில் செய்கிற இடத்திலா, வண்டியில் போகும்போதா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்து போவதுண்டா? கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் தெரியும்? சர்க்கரை உண்டா, கை நடுங்குமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டாள், வருகிற ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார், எவ்வளவு பக்கத்தில் வரும்போது உங்களுக்குத் தெரியவரும்?

நான் முழித்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். சினிமாவில் போல எங்கேயோ நிற்பவனைச் சுடுகிற காரியம் இல்லை இது, நம்மைத் தாக்க வருகிறவன் மூன்று நான்கு எட்டு வைக்கிற தூரத்தில்தான் இருப்பான், அதை மனசில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஓட்டிப் பார்த்தேன். கேட்டைத் தாண்டி எண்ணெய்க்காரர் வந்தார். ஒரு கையில் பலகை, இன்னொரு கையில் போத்தல், தோளில் துண்டு. மூன்று எட்டுத் தூரத்தில் வந்து நின்று, முதுகைப் பிடித்துவிடட்டுமா என்று கேட்டார்.

“ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்ச ஆளுன்னா கை தடுமாறும். அதையும் பாத்துத்தான் எடுக்கணும்.”

அதன் பிறகுதான் இரண்டை எடுத்து மேசையில் துணி விரித்து வைத்தாள். இரண்டுமே அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தவை, குழல் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று பிஸ்டல், தட்டையாக, பார்ப்பதற்கு அழகாக இருந்தது. மனசு அதன் மேல்தான் போனது. அவள் தோட்டா அடைக்கிற கூட்டைக் கழற்றிக் காட்டி, இதைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும், புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஆபத்து அங்கேதான் என்றாள். இன்னொன்று ரிவால்வர். உருளையைத் திறந்தால் ஆறு ஓட்டையும் கண்ணுக்கு நேரே தெரியும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமே வராது. விசையும் கனம், தெரியாமல் விரல் பட்டால் வெடித்துவிடாது. முதல் தடவை வாங்குகிறவர், ஆள் வேறு தெரிந்தவர், அதனால் உங்களுக்கு இதுதான் என்று முடிவாகச் சொன்னாள்.

கையில் கொடுத்துச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைப் பார்த்து நீட்டச் சொன்னாள். காலியான ரிவால்வர்தான். நீட்டினேன். காலண்டருக்குப் பதில் மறுபடியும் அந்தத் துண்டு போட்ட தோள் வந்தது. விசையை இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம்.

“கண்ண மூடாதீங்க சார்” என்றாள்.

மூன்று தடவை இழுக்கச் சொன்னாள், மூன்று தடவையும் மூடினேன். அவள் தாளை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு டீ சொல்லி அனுப்பினாள். இதுவரைக்கும் எத்தனை முறை தாக்க வந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். மூன்று முறை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு முறை என்று சொன்னாலே பொய்தான். அவள் முகம் இரக்கப்பட்டதைப் பார்த்தேன். இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் பந்தாவுக்கு வருவார்கள், எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், நீங்கள் உண்மையிலேயே பயந்துபோயிருக்கிறீர்கள் என்றாள். ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாள். அந்தப் பெண் பார்த்தது பயமில்லை என்பது எனக்குத் தெரியும். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் ரிவால்வரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, பீரோவில் வைக்கக்கூடாது என்றாள் மனைவி. தன்னுடைய சேலைகள் இருக்கிற இடத்தில் அது வேண்டாமாம். லாட்ஜ் ஆபீஸ் அறையில் இரும்புப் பெட்டி ஒன்றைச் சுவரில் பதித்து வைத்தேன். ஒரே ஒருமுறை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். உட்கார்ந்தால் விலாவில் குத்தியது, வியர்த்தது, பந்தியில் குனிந்து சாம்பாரைப் பிசைய முடியவில்லை. குழாயடியில் எனக்கும் வழிவிட்டார்கள், அதையும் சொல்லவேண்டும். ஆனால் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த என் பள்ளிக்கூடக் கூட்டாளி, என்னை எப்போதும் கேலி செய்கிறவன், அன்றைக்கு ஒரு கேலியும் செய்யவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

பங்குனியில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். ஒரு மாதம்கூட முழுதாக என்னிடம் இருக்கவில்லை. துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலிகளில் மரக்கடைக்காரர் ஒருவர், தோப்புக்காரர் இரண்டு பேர், எல்லோர் மடியிலும் ஒரு பொதி. எதிரே சுவரோரம் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தேர்தல் நேரத்தில் வழக்கு உள்ளவர்களைக் கூப்பிட்டு, ஊரில் கலகம் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்குவது வழக்கம். எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு ஒரே மேசையில் இரண்டு நோட்டுகளை விரித்து வைத்திருந்தார், ஒன்று துப்பாக்கிகளுக்கு, ஒன்று மனிதர்களுக்கு. நின்றவர்களில் நான்காவது ஆள் எண்ணெய்க்காரர். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் காத்திருந்தார். இரண்டு எட்டுத் தள்ளியே நின்றார்.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் போய் ஆறுமாதம் ஆயுர்வேத மசாஜ் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாராம். துபாயில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது. போலீஸிலிருந்து இவர்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு சான்று வேண்டும். கேட்டால் வழக்கு இருக்கிறது என்கிறார்கள். இருபது நாளுக்குள் கொடுக்காவிட்டால் ஏஜென்ட் அந்த விசாவை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மூத்த பெண் பத்தாவது படிக்கிறாள் என்பதையும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு நான் ஏதும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எண்ணெ போன கோவத்துல சொல்லிட்டனோ என்னமோ. எனக்கே இப்ப ஞாபகம் சரியா இல்ல.”

அந்த இடத்தில் என் காதுமடல் சூடானது இப்போதும் நினைவிருக்கிறது. ஒன்றரை வருடம் கோர்ட்டுத் தேதிக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்து நடந்து, எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, தான் சொன்னோமா இல்லையா என்பதே அந்த மனிதருக்குக் குழம்பிப்போய்விட்டது. நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஒரு வரி நான் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த நோட்டும் எந்தக் கையெழுத்தும் வேண்டாம். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

மனு எழுதுகிறவரிடம் போய் யோசனை கேட்டேன். பொய்ப் புகார் என்று சொன்னால் லைசென்ஸ் போகும், அதோடு உங்கள் மேலேயே வழக்கு வந்தாலும் வரும் என்றார். அவ்வளவு போதும் எனக்கு. சீசனுக்கு முன்னால் அறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் போனது. எண்ணெய்க்காரர் மறுபடி வந்து கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் எழுந்து நிற்பார் என்பதால் நான் சுற்றுவழியில் போனேன்.

பத்தாம் நாள் காலையில் மனைவி தோசைக்கல்லைப் பார்த்தபடியே பேசினாள்.

“நான் அன்னைக்கு மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு நின்னேன். அந்த ஆளு ஒண்ணுமே சொல்லல. நீங்கதான் கேன மிதிச்சீங்க.”

“இவ்ளோ நாளா ஏன் சொல்லல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

தோசை கருகுகிற வரைக்கும் அவள் திருப்பிப் போடவில்லை. ஒன்றரை வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. லைசென்ஸைக் கண்ணாடி மாட்டிப் படித்தபோது தெரிந்திருக்கிறது. என் பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே தெரிந்துவைத்திருக்கிறாள். ஊருக்குத் தெரிந்தால் மூக்கறுபடும் என்றுதான் நான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். அவள் முன்னால் நிற்க முடியாமல் போனபோதுதான் ஊர் எல்லாம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. சாப்பிடாமல் கிளம்பினேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஸ்டேஷன் படியேறினேன். அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏட்டிடம் வழக்கை வாபஸ் வாங்கவேண்டும் என்றேன். அவருக்கு வேலை நெருக்கடி. தலையைத் தூக்காமலே, ரெண்டு பேரும் சமாதானமாகப் போய்விட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று வந்துவிட்டது வாயில். நான் தயார்செய்துகொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் அந்த ஓர் ஆமாமில் அடைபட்டுப் போயின. அப்படியானால் சிரமமே இல்லை, ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுங்கள், அதை வைத்துக் கோர்ட்டில் முடித்துவிடலாம் என்றார். போன் செய்ததும் எண்ணெய்க்காரர் அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். கையில் எண்ணெய் வாடை அப்படியே இருந்தது.

கடிதங்கள் இரண்டும் வழக்கமாக எழுதுகிற மாதிரிதான் எழுதப்பட்டன. என்னுடையதில், எதிரி தன் செயலுக்கு வருந்தியதால் அவரை மன்னித்துப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது. அவருடையதில், மேற்படியாரைக் கொலை மிரட்டல் செய்த சம்பவத்துக்கு வருந்துகிறேன், இனிமேல் அவரை மிரட்ட மாட்டேன் என்று இருந்தது. அவர் அதை உதடு அசைய மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். அது இல்லை, அதை அடித்துவிடுங்கள் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மினி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்தேன். அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு நான் அவரை மன்னித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு நாளில் கோர்ட்டிலும் முடிந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது அவருக்குச் சான்று கிடைத்தது. என் லைசென்ஸுக்கும் ஒரு கீறல் விழவில்லை. மனைவியிடம் போய் முடித்துவிட்டேன் என்றேன். எப்படி முடித்தேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அதற்குப் பிறகு இதைப்பற்றிப் பேசியதில்லை.

தேர்தல் முடிந்து, முடிவும் வந்து, துப்பாக்கிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கவில்லை, அங்கேயே விட்டுவிட்டேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்த பொய் போதும். போய் எடுத்துவந்தேன். லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதில் காரணம் என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.

எடுத்துவந்த அன்று சாயங்காலம் லேசாகச் சாரல் தொடங்கியிருந்தது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு வெளியே எண்ணெய்க்காரர் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான்தான் எழுந்து போனேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்றோம். புதுச் சட்டை போட்டிருந்தார், முடி வெட்டியிருந்தார். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு ஒரு நிமிடம் மனசு லேசானது. நல்லபடியாகப் போய்வரச் சொன்னேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. எலெக்சன் முடிஞ்சு துப்பாக்கியெல்லாம் திருப்பிக் குடுக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நான் நாளக்கழிச்சு கெளம்புதேன். வீட்ல அவளும் ரெண்டு பொட்டப்பிள்ளைகளுந்தான் இருக்கும். எம்மேல ஏதும் கோவம் மிச்சம் இருந்தா, நான் லீவுல வரும்போது எங்கிட்ட வச்சுக்கிடுங்க. நான் இல்லாத நேரத்துல அத எடுத்துக்கிட்டு அங்கன மட்டும் வந்துராதீங்க.”

ஸ்கூட்டர் போகும்போதெல்லாம் அவர் எதற்காக எழுந்து நின்றார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “வர மாட்டேன்” என்றேன். ஸ்டேஷனில் அவரை எழுதவைத்த அதே மாட்டேன். அதற்கு அவர் என்னிடம் கையெழுத்து கேட்கவில்லை. சரிங்க அண்ணாச்சி என்று தலையசைத்தார்.

போவதற்குத் திரும்பியவர், என்னவோ நினைத்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் கை பட்ட கேட் கம்பியை மேலும் கீழுமாக ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டுப் போனார்.